பாட்டு என்ன செய்கிறது: ஒரு தமிழாசிரியையின் வினைச்சொல் ஏடு

காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை. மதுரைக்கு வைகை, செய்யுளுக்கு எதுகை. தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு இந்த இரண்டு வரிகளும் மறந்திருக்காது. ‘பாடலைப் படித்து நயம் பாராட்டுக’ என்று வினாத்தாளில் வந்தால் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சுவை என்று தலைப்புகள் வரிசையாக இறங்கும். ஒவ்வொன்றின் கீழும் பாட்டிலிருந்து இரண்டு சொற்களை எடுத்து எழுதி அடிக்கோடிட்டால் மதிப்பெண் வந்துவிடும். நானும் அப்படித்தான் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். இப்போது சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியையாக இருக்கிறேன். விடைத்தாள் திருத்தும் முகாமில் அதே வரிகளைக் கட்டுக் கட்டாகப் படிக்கிறேன்.

அந்த வாய்ப்பாட்டின் மீது எனக்குக் கோபம் இல்லை. செய்யுளின் ஓசைக்குக் காது கொடுக்க முதன்முதலில் கற்றுத் தந்தது அதுதான். பாட்டில் என்னென்ன இருக்கின்றன என்று அது கேட்கிறது. அந்த மோனையும் எதுகையும் அங்கே என்ன செய்கின்றன என்று கேட்பதில்லை. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை எழுத எனக்குச் சொற்கள் கிடைக்கவே பல ஆண்டுகள் ஆயின. இலக்கியக் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் அந்த ஆண்டுகள் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எம்.ஏ. முதலாண்டில் எங்கள் பேராசிரியர் புறநானூற்றின் 112-ஆம் பாட்டைக் கொடுத்து இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார். பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடிகள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்
எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே.

திங்கள் என்பது இங்கே மாதம். நிலவு என்பது நிலவொளி. அந்த மாதத்து வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதத்து வெண்ணிலவில் வேந்தர்கள் எங்கள் குன்றைக் கொண்டுவிட்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. அவ்வளவுதான் பாட்டு.

என் கட்டுரை இப்படித் தொடங்கியது: ‘பாரி மகளிர் தம் தந்தையை இழந்த துயரத்தை மிக அழகாகவும் உள்ளத்தை உருக்கும் வண்ணமும் பாடியுள்ளனர். இப்பாடலில் சொல்நயமும் பொருள்நயமும் சிறந்து விளங்குகின்றன.’ எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. கட்டுரை திரும்பி வந்தபோது அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: ‘பாரி என்ற பெயரை எடுத்துவிட்டு வேறு எந்தக் கையறுநிலைப் பாட்டுக்கு வைத்தாலும் இந்த வாக்கியங்கள் பொருந்தும்.’ கையறுநிலை என்பது இறந்தவரை நினைத்து வருந்திப் பாடுவது.

துறை அறைக்குப் போய் நின்றேன். “இந்தப் பாட்டில் துயரம் என்ற சொல் எங்கே இருக்கிறது அம்மா?” என்று கேட்டார். பாட்டைப் பார்த்தேன். துயரம் இல்லை. கண்ணீர் இல்லை, அழுகை இல்லை, ஐயோ என்ற ஒரு விளிகூட இல்லை. பாட்டில் இல்லாத ஒன்றை அழகாகப் பாடியிருப்பதாக எழுதியிருந்தேன். அந்த நிமிடத்தில் முகம் சுட்டது. பாட்டை மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்த நான் அதை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த கட்டுரைக்கு நான் செய்த ஏற்பாடும் தவறானது. பிரச்சினை சொல்வளத்தில் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். விடுதியில் உட்கார்ந்து ‘கூறுகிறார்’ என்பதற்குப் பதிலாக என்னென்ன சொற்கள் உண்டு என்று பட்டியல் போட்டேன். இயம்புகிறார், நவில்கிறார், பகர்கிறார், மொழிகிறார், எடுத்துரைக்கிறார், செப்புகிறார். ஒரு சொல் இரண்டு முறை வராமல் பார்த்துக்கொண்டு இரண்டு பக்கத்தை நிரப்பினேன். பேராசிரியர் படித்துவிட்டுச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “இத்தனை சொல்லிலும் வாய் மட்டும்தான் அம்மா அசைகிறது. கை என்ன செய்கிறது என்று பார்.”

கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். பாட்டில் வினைமுற்றுகளை மட்டும் தனியே எடுத்து எழுதச் சொன்னார். எழுதினேன்: உடையேம், கொளார், கொண்டார், இலம். நான்கு சொற்கள். அவற்றை இரண்டிரண்டாக எதிரெதிரே எழுதிப் பார்த்தபோது பாட்டு தாளிலிருந்து எழுந்து நின்றது போல இருந்தது. உடையேம் என்பது இலம் ஆகிறது. கொளார் என்பது கொண்டார் ஆகிறது. ஒரு குடும்பத்தின் வாழ்வும் ஒரு நாட்டின் அழிவும் இரண்டு வினைகள் மறுபக்கம் திரும்புவதில் முடிந்துவிடுகின்றன. வெண்ணிலவு மாறவே இல்லை. இரண்டு இடத்திலும் அதே சொல்தான். மாறியது அகரச் சுட்டும் இகரச் சுட்டும் மட்டுமே. அற்றை, இற்றை. அவ், இவ். பள்ளியில் இதற்கு ‘அற்றை – இற்றை: எதுகை’ என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பேன். பெயர் சரிதான். ஆனால் ஒரேயொரு எழுத்தை மாற்றி ஒரு மாத இடைவெளிக்குள் ஓர் உலகம் போய்விட்டதைக் காட்டுகிற வேலையை அந்த எதுகை செய்கிறது என்பதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

பிறகு வரிசையைக் கவனித்தேன். முதல் பாதியில் தந்தை முன்னே, குன்று பின்னே. இரண்டாம் பாதியில் குன்று முன்னே வந்துவிடுகிறது. தந்தை கடைசிக்குப் போய்விடுகிறார். முதல் பாதியில் ‘பிறர்’ என்று ஒரே சொல்லில் ஒதுங்கி நின்றவர்கள் இரண்டாம் பாதியில் ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்று முரசோடு வந்து ஏறக்குறைய ஓர் அடியையே எடுத்துக்கொள்கிறார்கள். குன்றைக் கொண்டவர்கள் பாட்டிலும் இடத்தைக் கொண்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது முறை எழுதிய பத்தி இது: ‘இப்பாட்டு துயரம் என்ற சொல்லைத் தவிர்க்கிறது. நிலவை அப்படியே வைத்துக்கொண்டு சுட்டெழுத்தை மட்டும் மாற்றுகிறது. தந்தை, குன்று என்ற வரிசையைத் தலைகீழாக்கித் தந்தையின் இன்மையைக் கடைசிச் சொல்வரை ஒத்திப்போடுகிறது. பிறர் என்று பெயரின்றி நின்றவர்களை வேந்தர் என்று பெயரிட்டு உள்ளே நுழையவிடுகிறது.’ நடை அப்போது கரடுமுரடாகத்தான் இருந்தது. ஆனால் தவிர்க்கிறது, மாற்றுகிறது, தலைகீழாக்குகிறது, ஒத்திப்போடுகிறது, நுழையவிடுகிறது என்ற ஐந்து வினைகளையும் வேறு எந்தப் பாட்டுக்கும் மொத்தமாகத் தூக்கிக் கொடுக்க முடியாது. அதுதான் எனக்குக் கிடைத்த முதல் அளவுகோல். இன்றும் ஒரு பத்தியை எழுதி முடித்ததும் பாட்டின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறேன். எந்தப் பாட்டைப் பற்றிய பத்தி என்று தெரியாவிட்டால் அடித்துவிடுகிறேன்.

அப்போதிலிருந்து ஓர் ஏடு வைத்திருக்கிறேன். சாதாரண இருநூறு பக்க நீள நோட்டு. ஒரு கவிஞரோ பாட்டோ செய்கிற செயலுக்குச் சரியான வினைச்சொல் கிடைக்கும்போது, அந்தச் சொல்லையும் அது பிறந்த அடியையும் சேர்த்தே எழுதிவைப்பேன். அடி இல்லாமல் சொல்லை மட்டும் எழுதுவதில்லை. தனியாக எழுதினால் அது மறுபடியும் பழைய பட்டியலாகிவிடும். கட்டுரை எழுதும்போது அலங்காரத்துக்கு எடுத்துச் செருகத் தோன்றும். மறைக்கிறார், சுருக்குகிறார், அடுக்குகிறார், எதிர்நிறுத்துகிறார், முறிக்கிறார், நழுவவிடுகிறார், மழுப்புகிறாள், தற்காத்துக்கொள்கிறாள் என்று ஏடு வளர்ந்துகொண்டே போனது. இவற்றில் அரிய சொல் எதுவும் இல்லை. வீட்டிலும் கடையிலும் நாளெல்லாம் புழங்குகிற சொற்கள்தான். வலிமை, அடியைப் பார்த்த பிறகு அவற்றைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

யார் செய்கிறார்கள் என்பதையும் அந்த ஏட்டில் பிரித்து எழுதக் கற்றுக்கொண்டேன். பாட்டை எழுதிய கவிஞர் ஒருவர். பாட்டுக்குள் பேசுபவர் வேறொருவராக இருக்கலாம். நம் அகப்பாட்டு மரபு இதைக் கூற்று என்று சொல்லித் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. இருந்தும் கட்டுரையில் ‘கபிலர் தம் வருத்தத்தைக் கூறுகிறார்’ என்று மாணவர்கள் எழுதிவிடுகிறார்கள், வருந்துகிறவள் தலைவி. பாரி மகளிர் பாட்டில் பாடியவர்களும் பேசுபவர்களும் ஒருவரே என்பதால் இந்தச் சிக்கல் அங்கே எழாது. அகப்பாட்டுக்கு வந்தவுடன் வினைக்கு முன்னால் எழுவாயைச் சரிபார்க்க வேண்டும். தலைவி ஒளிக்கிறாள், கவிஞர் காட்டிக்கொடுக்கிறார் என்று ஒரே அடியைப் பற்றி இரண்டு வினைகளும் உண்மையாக இருக்கலாம்.

எம்.ஃபில். படிக்கும்போது வேறொரு பக்கம் சறுக்கினேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இன்று ஆய்வு மாணவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். கருத்தரங்கத் தொகுப்புகளைப் படித்துப் படித்து என் நடை மாறியது. ‘பதிவு செய்கிறது’, ‘கட்டமைக்கிறது’, ‘கட்டுடைக்கிறது’, ‘மறுவாசிப்புக்கு உட்படுத்துகிறது’ என்று எழுதத் தொடங்கினேன். அவை வலுவான சொற்கள் போல ஒலித்தன. ஒரு கருத்தரங்கில் அதே 112-ஆம் பாட்டைப் பற்றி வாசித்தேன். ‘இப்பாடல் இழப்பின் வலியை ஆழமாகப் பதிவு செய்வதோடு, அதிகாரத்துக்கு எதிரான குரலையும் கட்டமைக்கிறது’ என்பது என் மைய வாக்கியம். வாசித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு முதியவர் எழுந்து, மிகவும் மரியாதையாக, “எந்தச் சொல்லில் அம்மா?” என்று கேட்டார். அதிகாரத்துக்கு எதிரான குரல் எந்தச் சொல்லில் இருக்கிறது? எனக்கு விடை தெரியவில்லை. ஏதோ சொல்லிச் சமாளித்து உட்கார்ந்தேன்.

விடை வேறெங்கும் இல்லை, உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றின் பழைய உரையில் இருந்தது. முதல் 266 பாட்டுகளுக்குத்தான் அந்த உரை கிடைக்கிறது. நல்ல வேளையாக இந்தப் பாட்டு அதற்குள் இருக்கிறது. ‘வென்றெறி முரசின் வேந்தர்’ என்றது இகழ்ச்சிக் குறிப்பு என்கிறது உரை. இரண்டே சொற்கள். நான் பல பக்கங்களில் சுற்றி வளைத்துக் காட்ட முடியாத எதிர்ப்பை, இந்த அடைமொழியில்தான் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட்டது. பிறகுதான் 109-ஆம் பாட்டைச் சேர்த்துப் படித்தேன். பாரியின் பறம்பு மலையைப் போரிட்டுப் பெற முடியாது, பாரி வாளுக்குத் தரமாட்டான், ஆடியும் பாடியும் சென்றால் நாட்டையும் குன்றையும் சேர்த்தே தந்துவிடுவான் என்று கபிலர் பகைவர்களுக்குச் சொல்கிற பாட்டு அது. அதைப் படித்த காதுக்கு வெற்றி முரசு என்ற சொல் வேறு மாதிரி ஒலிக்கிறது. பாரியின் பெண்கள் வெற்றி முரசைச் சொல்லி அந்த வெற்றியையே குத்திக்காட்டுகிறார்கள். ‘குரலைக் கட்டமைக்கிறது’ என்று எழுதிய இடத்தில் ‘வெற்றி என்ற சொல்லாலேயே வென்றவர்களை இகழ்கிறார்கள்’ என்று எழுதினேன். சொல் எளிதானது, வாதம் வலுத்தது.

கலைச்சொற்களை நான் விலக்கிவைக்கச் சொல்லவில்லை. கட்டுடைத்தல் என்பதற்கு ஒரு கோட்பாட்டில் திட்டமான பொருள் உண்டு. அந்த வேலையை உண்மையாகவே செய்து காட்டுகிற கட்டுரையில் அந்தச் சொல் வர வேண்டும். ‘விமர்சிக்கிறது’ என்ற பொருளில் அதைப் போட்டால், கோட்பாடும் போய்விடுகிறது, பாட்டும் போய்விடுகிறது. ‘பதிவு செய்கிறது’ என்பதைப் பற்றி மட்டும் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. கல்வெட்டு பதிவு செய்யும், பத்திரிகைச் செய்தி பதிவு செய்யும். பாட்டின் மேல் அந்த வினையை ஏற்றும்போது அதன் தேர்வுகள் அத்தனையும் கண்ணிலிருந்து மறைந்துவிடுகின்றன. என் மாணவர்களின் கட்டுரையில் அந்தச் சொல்லைக் கண்டால், முதியவர் கேட்ட கேள்வியையே ஓரத்தில் எழுதிவிடுகிறேன்: எந்தச் சொல்லில்?

உரையாசிரியர்களிடம் அதன் பிறகுதான் மாணவியாகப் போனேன். அதுவரை உரை என்பது பொருள் தெரிந்துகொள்ள மட்டும் என்று நினைத்திருந்தேன். அலசி எழுதுவதற்கு வேண்டிய தமிழ் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. முதல் குறளின் உரையில் பரிமேலழகர், ‘காணப்பட்ட உலகத்தால் காணப்படாத கடவுட்கு உண்மை கூற வேண்டுதலின், ஆதிபகவன் முதற்றே என உலகின்மேல் வைத்துக் கூறினார்’ என்கிறார். இந்த வாக்கியத்தை நான் பல முறை கையால் எழுதிப் பார்த்திருக்கிறேன். ‘கூறினார்’ என்ற சாதாரண வினைதான் இதிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ‘கூற வேண்டுதலின்’ என்று காரணமும் ‘உலகின்மேல் வைத்து’ என்று முறையும் வந்து நிற்கின்றன. உலகின் முதல் கடவுள் என்று கடவுளிலிருந்து தொடங்காமல், உலகம் கடவுளை முதலாக உடையது என்று வள்ளுவர் ஏன் திருப்பிச் சொன்னார் என்பதற்கு ஒரே வாக்கியத்தில் விடை. ‘கூறுகிறார்’ என்று எழுதியே ஆக வேண்டுமென்றால் எதற்காக, எதன்மேல் வைத்து என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்கிறேன். அந்த இரண்டையும் எழுத முடியாதவர்கள் பாட்டை மறுபடி படிக்கத் தொடங்குவார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அதே உரை முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் ‘ஏகாரம் தேற்றத்தின்கண் வந்தது’ என்கிறது. ‘முதற்றே’ என்பதில் உள்ள ஏ உறுதிப்பொருளில் வந்தது என்று பொருள். ஓர் ஏகாரத்துக்குக் கணக்குச் சொல்கிற அந்தப் பொறுப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து பொருளும், ‘உம்’ என்ற இடைச்சொல்லாகிய உம்மைக்கு எட்டுப் பொருளும் வகுத்திருக்கிறது. பள்ளி இலக்கணத்தில் இவை தனிப்பாடமாக நின்றுவிடுகின்றன, கட்டுரைக்குள் வருவதில்லை. கட்டுரைக்குள் கொண்டுவந்து பாருங்கள். ‘எந்தையும் உடையேம் எம்குன்றும் பிறர்கொளார்’ என்பதில் உம்மை எண்ணுகிறது: இதுவும் இருந்தது, அதுவும் இருந்தது. ‘குன்றும் கொண்டார்’ என்னும்போதும் எண்ணும்மையே என்று கொள்ளலாம். ஆனால் என் காதுக்கு அங்கே ‘குன்றையும்கூட’ என்று ஒரு சுமை ஏறியிருப்பதாகக் கேட்கிறது. இது என் வாசிப்பு; அப்படி என்று சொல்லித்தான் எழுதுவேன்.

சொல்கிற கருத்தின் உறுதிக்கு ஏற்ற வினையைப் போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். நம் கட்டுரைகளில் பத்திக்குப் பத்தி ‘எனலாம்’ என்று முடிகிறது. நிலவு என்ற சொல் இரண்டு முறை வருகிறது என்பதற்கு எனலாம் தேவையில்லை, வருகிறது. அடைமொழி இகழ்கிறது என்பதற்கு உரையின் துணையும் 109-ஆம் பாட்டின் துணையும் இருக்கின்றன. காட்டுகிறது என்று எழுதலாம். உம்மையில் சுமை ஏறியிருக்கிறது என்பது அதைவிட மெல்லிய வாதம். ‘கொள்ள இடம் இருக்கிறது’ என்று எழுத வேண்டும். மூன்றையும் எனலாம் என்று முடித்தால் எது உறுதி, எது ஊகம் என்று படிப்பவருக்குத் தெரியாது.

‘படு’ என்ற துணைவினையிடமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘உவமை காணப்படுகிறது’, ‘பெண்ணின் நிலை சித்திரிக்கப்பட்டுள்ளது’. யார் கண்டார், யார் சித்திரித்தார், எதற்காக என்ற எல்லாக் கேள்விகளையும் அந்தப் ‘படு’ விழுங்கிவிடுகிறது. செய்பவரை எழுவாயாக்கி வாக்கியத்தைத் திருப்பி எழுதினால் பாதிக் கட்டுரை தானாகச் சரியாகும். கதை, நாவல் பற்றி எழுதும்போது காலத்தையும் பார்க்க வேண்டும். பத்தி முழுவதும் போனான், வந்தான், அழுதாள் என்று இறந்தகாலத்தில் ஓடினால் நாம் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர் காட்டுகிறார், தாமதிக்கிறார், விட்டுவிடுகிறார் என்று நிகழ்காலத்துக்கு வந்தால்தான் அலசத் தொடங்கியிருக்கிறோம். 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா வற்புறுத்திய அலசல் என்ற சொல்லே எனக்குப் பிடித்த உருவகம். துணியை அலசும்போது அது கையில் இருக்க வேண்டும். கொடியில் தொங்குகிற துணியைத் தூரத்திலிருந்து பாராட்டிக்கொண்டு நின்றால் அது அலசல் ஆகாது.

இனி குருகுக்கு, அதாவது கொக்குக்கு வருகிறேன். இந்தப் பாடத்தை என் மாணவர் ஒருவரிடமிருந்து கற்றுக்கொண்டேன் என்பதால் தனியாக எழுதுகிறேன். குறுந்தொகை 25, கபிலர் பாடியது:

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே.

திருமணம் தள்ளிப்போகிறபோது தலைவி தோழியிடம் சொல்வது. அவன் என்னோடு கூடிய அன்று வேறு யாரும் இல்லை. அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு ஒன்று இருந்தது. அதன் கால் தினைத்தாள் போலச் சிறியது, பசியது.

பதினோராம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதி, ‘கபிலர் குருகைச் சாட்சியாக நிறுத்துகிறார்’ என்றேன். என் ஏட்டில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். நிறுத்துகிறார் என்ற வினை எனக்குத் திருப்தியாகவும் இருந்தது. கடைசிப் பெஞ்சில் இருந்த ஒரு மாணவர் கையைத் தூக்கினார். கண்மாய்க் கரையில் வீடு. காலையில் மாட்டை ஓட்டிவிட்டுப் பள்ளிக்கு வருகிற பிள்ளை. “அது எப்படி டீச்சர் சாட்சி சொல்லும்? அது மீனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது?” என்றார். சற்று நிறுத்தி, “மீனைப் பார்க்கிற கொக்கு பக்கத்தில் ஆள் நடந்தாலும் திரும்பாது டீச்சர்” என்றார்.

நான் கரும்பலகையைப் பார்த்தேன். ‘பார்க்கும்’ என்ற வினைக்குச் செயப்படுபொருள் ஆரல். காதலர்கள் அல்ல. இத்தனை ஆண்டுகள் அந்த அடியைப் படித்தும் வினையையும் செயப்படுபொருளையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கண்மாயும் கொக்கும் கண்ணெதிரே இருந்ததால் தெரிந்துவிட்டது. அவரையே கரும்பலகைக்கு அழைத்து வாக்கியத்தைத் திருத்தச் சொன்னேன். தயங்கித் தயங்கி எழுதினார்: ‘கபிலர் ஒரு சாட்சியை நிறுத்துகிறார். ஆனால் அதன் கண்ணை மீன்மேல் திருப்பிவிடுகிறார்.’ வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த ‘திருப்பிவிடுகிறார்’ தலைவியின் கையில் இருந்த கடைசிப் பிடியையும் பறித்துவிடுகிறது. முதல் அடியில் ‘யாரும் இல்லை’ என்று முற்றாக மறுத்தவள், கடைசி அடியில் ‘குருகும் உண்டு’ என்று ஒரே ஒரு விலக்குக்கு இடம் தேடுகிறாள். அந்த விலக்கும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாடவேளையின் மீதி நேரம் முழுவதும் குருகின் காலைப் பற்றியே பேசினோம். இவ்வளவு பெரிய பயத்தின் நடுவில் ஒரு பறவையின் கால் தினைத்தாள் போல இருந்தது என்பது அவளுக்கு ஏன் நினைவிருக்கிறது? அன்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, நாணத்தில் கண் தாழ்ந்து நீரோரமாகவே இருந்திருக்கிறது என்று ஒரு மாணவி சொன்னார். நீதிமன்றத்தில் சாட்சியை அடையாளம் காட்டுகிற மாதிரி சொல்கிறாள் என்றார் இன்னொருவர். இரண்டுக்கும் பாட்டில் இடம் இருக்கிறது. இரண்டையும் ‘கொள்ள இடம் இருக்கிறது’ என்ற அளவிலேயே எழுதச் சொன்னேன். கால் ‘அழகாக வருணிக்கப்பட்டுள்ளது’ என்று அன்று ஒருவர்கூட எழுதவில்லை.

பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் வாய்ப்பாட்டைக் கைவிடச் சொல்வதில்லை. மதிப்பெண் அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினை. மோனை, எதுகை, அணி என்று தலைப்பிட்டு எழுதட்டும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் ‘இதனால்’ என்று தொடங்கி ஒரேயொரு வாக்கியம் கூடுதலாக எழுதச் சொல்கிறேன். ‘இதனால் பாடல் சிறக்கிறது’ என்று எழுதினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்றும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் அந்த ஒரு வாக்கியத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று மாதங்களில் கை பழகிவிடும்.

எங்கள் பள்ளியின் மாடி வராந்தாவில் நின்றால் பிரான்மலை தெரியும். பாரியின் பறம்பு இதுதான் என்று இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். அறிஞர்கள் பலரும் அப்படியே கொள்கிறார்கள். 112-ஆம் பாட்டை நான் எப்போதும் வராந்தாவில் நிற்கவைத்துத்தான் நடத்துகிறேன். சென்ற ஆண்டு அப்படி நடத்திக்கொண்டிருந்தபோது, நோட்டில் பாட்டை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவி, “முதல் பாதியில் யாம் என்ற சொல்லே இல்லையே டீச்சர்” என்றார். உடையேம் என்ற வினைக்குள்ளேயே யாம் அடங்கியிருக்கிறது; எழுவாய் தனியாக வர வேண்டிய அவசியம் இல்லை. கடைசி அடியில் இலம் என்ற வினைக்குள்ளும் அது அடங்கித்தான் இருக்கிறது. ஆனாலும் அங்கே யாம் வெளியே வந்து நிற்கிறது. அடியை நிரப்ப வந்த சொல் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்புக்கு இடம் உண்டு என்பதையும் சேர்த்தே எழுது என்று சொன்னேன். இதற்கு என்ன வினை போடுவது என்று கேட்டார். எனக்கு உடனே தோன்றவில்லை. ஏட்டில் அடியை மட்டும் எழுதிவிட்டு வினைக்கு இடம் விட்டுவைத்தேன்.

மறுநாள் காலை வருகைப் பதிவேட்டுக்கு மேல் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன். ‘தந்தையும் குன்றும் இருந்தவரை அவர்கள் வினைக்குள் குடியிருக்கிறார்கள். இரண்டும் போன பிறகு யாம் என்று வெளியே வந்து நிற்கிறார்கள்’ என்று எழுதியிருந்தார். ஏட்டை எடுத்து, விட்டுவைத்திருந்த இடத்தில் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.